பொதுவளக் கொள்கையும் சமநீதியும்

ஊருக்குப் பொதுவான குளம், தரவை, காடு, கடற்கரைப் பாடு ஆகியவற்றை எவ்வாறு பேணுவது என்னும் வினா மிகப் பழையது. அவ்வினா பல்கலைக்கழகங்களிற் பட்டப்பின் படிப்புக்குரிய ஆராய்ச்சித் துறையாக உருப்பெற்றதோ கடந்த அரை நூற்றாண்டுக் காலத்திலேயாம். பொருளியல், அரசறிவியல், மானிடவியல், புவியியல் ஆகிய துறைகள் வந்து கூடும் இந்நிலத்தில் நூல்கள் பல எழுந்துள்ளன. அவற்றுள் மாணாக்கர் முதலிற் கற்பன இரண்டு. ஒன்று, அமெரிக்க உயிரியலறிஞர் காரெற் ஹாடின் 1968ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் 'சயன்ஸ்' என்னும் சஞ்சிகையில் வெளியிட்ட 'பொதுநிலத்தின் அவலம்' என்னும் கட்டுரை. மற்றது, அமெரிக்க அரசறிவியலறிஞர் எலினோர் ஒஸ்றம் 1990இல் வெளியிட்ட 'பொதுவளங்களை ஆளுதல்' என்னும் நூல். முன்னது நோயை எடுத்துரைத்தது, பின்னது மருந்தை எடுத்துரைத்தது என்று கற்பித்தல் வழக்கமாகிவிட்டது. அம்மருந்து எவருடைய நோயைத் தீர்த்தது, எவருடைய நோயைத் தீராது விட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹாடினின் வாதம் எளிமையானது. எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட ஒரு மேய்ச்சற்றரை உண்டு. இடையன் ஒருவன் தன் மந்தையில் மேலும் ஒரு மாட்டைச் சேர்த்தால் அதனால் வரும் இலாபம் முழுவதும் அவனைச் சேரும். புல் குறைவதால் வரும் நட்டமோ எல்லா இடையர்க்கும் பங்காகும். ஆகவே ஒவ்வொருவனும் மாட்டைச் சேர்த்துக்கொண்டே போவான், முடிவில் தரை பாழாகும், அனைவரும் கெடுவர். இதனைத் தடுக்க இருவழிகளே உள. ஒன்று நிலத்தைத் தனியுடைமையாக்குதல்; மற்றது அரசு கட்டுப்பாட்டினால் அடக்குதல். மாடும் புல்லும் இங்கு உவமையே. ஹாடின் உண்மையில் அஞ்சியது மக்கட்டொகைப் பெருக்கத்தை. ஆயின் வாசகர் உவமையையே உண்மை வரலாறாகக் கொண்டனர். காட்டையும் நீரையும் ஊராரிடமிருந்து பெயர்த்துத் திணைக்களத்திடமோ தனியாரிடமோ ஒப்படைக்க விரும்பியோர்க்கு அக்கட்டுரை நல்லதோர் ஆதாரமாயிற்று.

இவ்வாதத்தின் குறை எங்குள்ளது? ஹாடின் எடுத்துக்கொண்ட மேய்ச்சற்றரை உவமை அவரது சொந்தக் கற்பனையன்று. 1833இல் ஒக்ஸ்போட் அறிஞர் வில்லியம் போஸ்ரர் லோயிட் கூறியதை அவர் எடுத்தாண்டார். ஆயின் இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியும் விதியும் அற்றுக் கிடந்தவை அல்ல என்பதைச் சூசன் ஜேன் பக் கொக்ஸ் 1985இல் எழுதிய கட்டுரை எடுத்துக் காட்டியது. இன்னார் இத்துணை மாட்டை இத்துணை நாள் மேய்க்கலாம் என்னும் வரையறை அந்நிலங்களில் இருந்தது. அவை மறைந்தமைக்குப் பெருங்காரணம் ஏழை இடையரின் பேராசை அன்று. செல்வாக்குடைய நிலவுடைமையாளர் பாராளுமன்றச் சட்டங்களின் துணைகொண்டு அவற்றை வேலியடைத்துக்கொண்டமையாகும். அவ்வாறாயின் ஹாடின் அவலம் என்று பெயரிட்ட நாடகத்தில் தலைமைப் பாத்திரத்தையே அவர் மேடையேற்றவில்லை எனலாம். தனியுடைமையாக்கும்போது நிலம் எவர் கைக்குப் போகும், அரசு கட்டுப்படுத்தும்போது அவ்வரசு எவர் சொற்கேட்கும் என்னும் வினாக்கள் அக்கட்டுரையில் முதன்மை பெறவில்லை. முற்றழிவை நோக்க அநீதி தாழ்வில்லை என்ற அளவில் அவர் நீதியின் வினாவை ஒதுக்கிவிட்டார். பிற்காலத்தில், 1998இல், தாம் கூறியது ஆளுகையற்ற பொதுநிலத்துக்கே பொருந்தும் என்றும் அவ்வடையை விட்டது பெரும் பிழை என்றும் ஹாடின் ஒப்புக்கொண்டார். அந்நேர்மை போற்றத்தக்கது. ஆயின் அதற்குள் முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. முதற் கட்டுரை சென்ற இடமெல்லாம் அத்திருத்தம் செல்லவில்லை.

ஒஸ்றம் அம்மையாரின் பெருமை, உவமையை விட்டு உண்மை ஊர்களுக்குச் சென்றமையாகும். சுவிற்சலாந்தின் தோர்பெல் என்னும் மலைக்கிராமம், யப்பானியக் கிராமங்களின் பொதுக்காடுகள், ஸ்பானிய நாட்டு வலென்சியாவின் வாய்க்கால்கள், பிலிப்பைன் தீவுகளின் நீர்ப்பாசனச் சங்கங்கள், துருக்கியின் அலான்யா மீன்பிடிகளம் என்று பலவிடத்து ஆராய்ச்சிகளை ஒருங்கே வைத்து அவர் ஒப்புநோக்கினார். தனியுடைமையும் அரசுடைமையும் அன்றி மூன்றாவது வழியொன்று உண்டு என்பதும், மக்கள் தாமே விதி வகுத்துத் தாமே காவலிருந்து நூற்றாண்டுக்கணக்கில் வளத்தைப் பேணியுள்ளனர் என்பதும் அவ்வொப்பீட்டால் நிறுவப்பட்டன. நெடுங்காலம் நிலைத்த அமைப்புகளிற் பொதுவாகக் காணப்படும் எட்டு நெறிகளையும் அவர் தொகுத்துரைத்தார். எல்லையும் உரியவரும் தெளிவாயிருத்தல், விதிகள் இடத்துக்கு ஏற்றனவாயிருத்தல், விதிக்குட்பட்டோரே விதியை மாற்ற வல்லராதல், கண்காணிப்பு, குற்றத்துக்கேற்பப் படிப்படியாக உயரும் தண்டம், எளிதிற் பிணக்குத் தீர்க்கும் மன்றம், அமைத்துக்கொள்ளும் உரிமையை அரசு மதித்தல், பெரிய அமைப்பினுள் சிறிய அமைப்புகள் அடுக்காயமைதல் என்பன அவை. 2009இல் பொருளியலுக்கான நொபெற் பரிசை ஒலிவர் வில்லியம்சனுடன் அவர் பகிர்ந்துகொண்டார். அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. 2012இல் அவர் காலமானார்.

எழுத்தறியாத உழவனும் மீனவனும் அறிவற்றவர் என்னும் எண்ணத்தை இந்நூல் அகற்றியது. ஆராய்ச்சியாளர் உழவனிடம் கற்கச் செல்லவேண்டும் என்னும் பணிவையும் அது ஊட்டியது. இத்துணைப் பயன் விளைத்த நூலைக் குறைகூறுதல் எளிதன்று. எனினும் எட்டு நெறிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். விளைவுப் பங்கீடு நீதியானதாயிருத்தல் வேண்டும் என்று அவற்றுள் எதுவும் நேரே கூறவில்லை. இடுமுதலும் பெறும்பயனும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது இரண்டாம் நெறியின் ஒரு கூறு. ஆயின் இடுதற்கு முதலே இல்லாதவன் நிலை யாது என்பதை அது வினாவவில்லை.

தோர்பெல் கிராமத்தை எடுத்துக்கொள்வோர் இதனைத் தெளிவாகக் காணலாம். மானிடவியலறிஞர் ரொபேட் நெற்றிங் விரிவாக ஆராய்ந்து எழுதிய அவ்வூர், ஒஸ்றம் அம்மையாரின் நூலிற் சிறந்த முன்மாதிரியாக வருகின்றது. 1517ஆம் ஆண்டின் விதியொன்று, குளிர்காலம் முழுவதும் தன் வைக்கோலைக் கொண்டு காக்கக்கூடிய மாடுகளுக்கு மேற்பட்ட மாட்டை எவரும் பொது மலைப்புலத்துக்கு ஓட்டலாகாது என்று வரையறுத்தது. புல்லைக் காப்பதற்கு இதனினும் நுட்பமான விதியை வகுத்தல் அரிது. ஆயின் அவ்விதியை மறுபுறம் நின்று நோக்குக. குளிர்காலத்துக்கு வேண்டிய புல் தனியார் நிலத்தில் விளைவது. நிலம் மிகுதியாயுள்ளவன் மிகுதியான மாடு காப்பான். ஆகவே பொதுப்புலத்திலும் அவனுக்கே பெரும்பங்கு. நிலமற்றவனுக்கு விதியில் தடையில்லை, வழியுமில்லை. தனியுடைமையில் உள்ள ஏற்றத்தாழ்வு பொதுவுடைமைக்குள்ளும் புகுந்து அமர்ந்துகொள்கின்றது. அதற்கும் முன்னர், 1483ஆம் ஆண்டின் ஆவணம், வெளியூரவன் அவ்வூரில் நிலம் வாங்கினாலும் பொதுப்புலத்தில் உரிமை பெறமாட்டான் என்று விதித்தது. எல்லை தெளிவாயிருத்தல் என்னும் முதல் நெறி உள்ளிருப்போனுக்குக் காவல். புறத்திருப்போனுக்கு அதுவே வேலி. ஒரே கல்லின் இரு முகங்களுள் ஒன்றை மட்டுமே எட்டு நெறிகளின் பட்டியல் காட்டுகின்றது.

இக்குறைக்குக் காரணம் நூலின் அளவுகோலில் உள்ளது. நெடுங்காலம் நிலைத்தமையே வெற்றியின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஆயின் நிலைத்தனவெல்லாம் நல்லன என்று முடிவுகட்டலாகாது. அடங்கியிருப்போர் வாய்திறவாத காரணத்தாலும் ஓர் அமைப்பு நிலைத்திருக்கலாம். பிணக்கின்மை வேறு, இணக்கம் வேறு.

ஒஸ்றம் அம்மையார் அதிகாரத்தை அறவே அறியாதவர் என்று கூறுதல் அவருக்கு நீதி செய்வதாகாது. அவருடைய நூலின் தோல்விகளைக் கூறும் இயலில் இலங்கையின் உதாரணங்கள் வருவது இந்நாட்டு மாணாக்கர் ஊன்றி நோக்கத்தக்கது. போல் அலெக்சாந்தர் என்னும் மானிடவியலறிஞரின் ஆராய்ச்சியைத் துணைக்கொண்டு, தென்மாகாணக் கரையிலுள்ள மாவெல்ல என்னும் ஊரின் கரைவலைத் தொழிலை அவர் விவரிக்கின்றார். அவ்வூரிற் கரைவலை இழுக்கும் முறை வலைகளுக்கிடையே சுழன்று வரும். நல்ல பாடும் நல்ல பருவமும் ஒவ்வொரு வலைக்கும் முறையே கிட்டும். மிக நேர்மையான பங்கீடு அது. மீனுக்கு வெளியூர்ச் சந்தை வாய்த்தபின் புது வலைகள் பெருகின. வலை பெருகப் பெருக ஒவ்வொரு வலைக்கும் முறை வருவது அரிதாயிற்று. பிடிக்கும் மீனின் அளவு மாறாதிருக்க வலைக்கு இட்ட முதல் வீணாயிற்று. வலைகளின் தொகையை வரையறுக்க அரசின் விதி இல்லாமலில்லை. ஊரிற் செல்வாக்குடையோர் மேலிடத்தை அணுகி அவ்விதி நிறைவேறாதவாறு பார்த்துக்கொண்டனர். விதி வகுக்கும் அறிவு அவ்வூர் மீனவர்க்கு நிறைய இருந்தது. விதியைக் காக்கும் வலிமையே இல்லாதிருந்தது. இதனை எடுத்துரைத்த பின்னரும் ஒஸ்றம் அம்மையார் இதனைப் பொதுவாக, நெறிகள் குறைபட்டமையின் விளைவு என்றே வகுத்துரைக்கின்றார். செல்வாக்கு ஒருவன் கைக்கு எவ்வாறு வந்தது என்னும் வினா நூலின் சட்டகத்துக்குப் புறம்பே நின்றுவிடுகின்றது.

அவ்வினாவையே மையமாகக் கொண்டு எழுந்தது டேவிட் மோஸ் என்னும் மானிடவியலறிஞர் 2003இல் வெளியிட்ட 'நீரின் ஆட்சி' என்னும் நூல். தென்றமிழ்நாட்டின் பழைய இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கண்மாய்களே அதன் பொருள். கண்மாய் என்பது மண்ணாற் கட்டிய கரையும் மடையும் மட்டும் அன்று; அரசரும் குறுநிலத் தலைவரும் கோயிலும் ஊர்ப்பெரியோரும் தத்தம் அதிகாரத்தை நிலைநாட்டிய களம் என்பது அவர் முடிபு. தமிழ் கற்றோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. புறநானூற்றிற் குடபுலவியனார், நிலையான புகழை விரும்பும் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீரைத் தேக்கி நிலத்தோடு சேர்க்குமாறு அறிவுறுத்தியமை நினைவுக்கு வரும். நீரைத் தேக்குதல் அறமாகவும் அரசியலாகவும் ஒருங்கே எண்ணப்பட்டது.

மோஸின் நூலில் மாணாக்கர் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய பகுதி நீர்ப்பாய்ச்சியைப் பற்றியதாகும். மடை திறந்து வயலுக்கு வயல் முறையாக நீர் பாய்ச்சுவோன் நீர்ப்பாய்ச்சி. கண்காணிப்பு என்னும் நெறிக்கு இவனே சிறந்த உதாரணம் என்று எட்டு நெறிகளைக் கற்றவர் கூறுவர். ஆயின் பல ஊர்களில் அத்தொழில் ஒடுக்கப்பட்ட சாதியினர்மேற் சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. நீரைப் பங்கிடுவோன் கையில் நீரின் உரிமை இல்லை. அவன் அத்தொழிலைச் செய்ய மறுத்தபோது பொதுவள அமைப்புச் சீர்குலைந்தது என்று ஒருவர் எழுதலாம். ஒரு மனிதன் தலைநிமிர்ந்தான் என்று மற்றொருவர் எழுதலாம். இரண்டும் உண்மையே. முதலாவதை மட்டும் எழுதும் ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சியாகும்.

குடிமராமத்து என்னும் பழைய வழக்கத்தைப் பற்றியும் மோஸ் ஐயம் எழுப்புகின்றார். ஊரார் கூடிக் குளத்தைச் செப்பனிட்ட வழக்கம் ஆங்கில ஆட்சியிற் சிதைந்தது என்பது பொதுக் கருத்து. ஆயின் அவ்வாட்சியினரே 1858இற் சென்னை மாகாணத்திற் கட்டாய வேலைச் சட்டம் இயற்றி அவ்வழக்கத்தைச் சட்டத்தால் நிலைநிறுத்த முயன்றனர். பழைய மரபைப் போற்றுதல் என்னும் பெயரில் செப்பனிடும் செலவு அரசின் தோளிலிருந்து குடிகளின் தோளுக்கு மாற்றப்பட்டது. இக்காலத்திற் பல நாட்டு அரசுகள் குளங்களையும் வாய்க்கால்களையும் உழவர் சங்கங்களிடம் ஒப்படைக்கும்போது இந்த வரலாறு கருதத்தக்கது. பொறுப்பை ஒப்படைத்து அதிகாரத்தை ஒப்படையாதிருத்தல் பங்கேற்பு ஆகாது. அது வேலை வாங்குதலேயாகும்.

இவற்றையெல்லாம் பிறவூர்ச் செய்தியாகக் கொண்டு யாழ்ப்பாணத்தார் அமைதியடைதற்கில்லை. ஆறில்லாத குடாநாட்டில் நிலத்தடி நீரே உயிர். சுண்ணாம்புக் கற்பாறையில் மழைநீர் ஊறித் தேங்க, அதனைக் கிணறுகள் தருகின்றன. பலர் பங்குடைய கிணற்றில் இன்னார்க்கு இன்ன நாளில் இறைப்பு முறை என்று வகுத்து வாழ்ந்த வழக்கம் எட்டு நெறிகளுக்கும் இலக்கியமாகத் தகும். அதே மண்ணிலே தான், சாதியாற் குறைந்தவர் எனப்பட்டோர் பிறருடைய கிணற்றில் வாளியிட்டு அள்ளலாகாது என்னும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. அள்ளி ஊற்றுவோர் வருமளவும் குடத்துடன் காத்துநின்றோர் பலர். சாதி காரணமாகச் சமூகக் குறைபாடுகளைச் சுமத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே நிறைவேறியது. முறை தவறாது பங்கிட்டதும் உண்மை. பங்காளர் அல்லாதாரைப் புறத்தே நிறுத்தியதும் உண்மை. முன்னதை மரபின் சிறப்பென்று பாராட்டிப் பின்னதை வேறொரு துறையின் செய்தியென்று ஒதுக்கும் ஆராய்ச்சியாளர், ஒரே கிணற்றை இரண்டாகப் பிளந்து பார்ப்பவராவர்.

பெண்களைப் பற்றிய குறைபாடும் இத்தகையதே. பொருளியலறிஞர் பீனா அகர்வால் இந்தியாவிலும் நேபாளத்திலும் ஊர்க்காட்டுக் குழுக்களை ஆராய்ந்து 2001இல் எழுதிய கட்டுரையிலும் 2010இல் வெளியிட்ட நூலிலும் ஒரு முரணை எடுத்துக்காட்டினார். காடு தழைக்க வேண்டுமென்று குழு கூடிக் காட்டை மூடும்; மரம் தழைக்கும்; குழுவும் பாராட்டுப் பெறும். ஆயின் விறகு பொறுக்கும் கடமை பெண்களுடையது. மூடிய காட்டைச் சுற்றி அவர்கள் மேலும் நெடுந்தூரம் நடக்கவேண்டியதாயிற்று. விதி வகுத்த கூட்டத்தில் அவர்கள் பெரும்பாலும் இல்லை, இருந்தவர்களும் பேசவில்லை. ஊரார் உடன்பட்டனர் என்னும் சொற்றொடரில் ஊரார் என்பது எவரைக் குறிக்கின்றது என்பதை அகர்வால் வினாவினார். அவர் குறைகூறி நிற்கவில்லை. குழுவிற் பெண்கள் போதிய தொகையினராய் அமர்ந்த இடங்களிற் காடும் மேலும் நன்றாகப் பேணப்பட்டது என்பதை அளந்து காட்டினார். நீதியும் பாதுகாப்பும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு இது தக்க சான்று. அழிவைத் தடுக்க நீதியை இழக்கலாம் என்ற ஹாடினுக்கு இதனினும் சிறந்த விடை இல்லை.

இத்துணையும் படித்தோர் ஒருவேளை மறுதலையான முடிபுக்குச் செல்லக்கூடும். எங்கும் அதிகாரமே ஆட்சி செய்கின்றது. ஊர், சங்கம், பங்கேற்பு என்பனவெல்லாம் வெறும் பெயர். ஆகவே எதுவும் செய்தற்கில்லை என்பர் சிலர். பங்கேற்பு ஒரு புதிய கொடுங்கோன்மையோ என்று வினவும் நூலொன்று 2001இல் வெளிவந்து பட்டப்பின் படிப்பு வகுப்புகளிற் பெரிதும் கற்கப்பட்டது. அவ்வெச்சரிக்கை வேண்டியதே. ஆயின் எச்சரிக்கை ஒன்றே கல்வியாகாது. அதற்கு மறுப்பாகக் கல்லோயாவின் வரலாற்றைக் காட்டலாம்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்கள் முப்பது ஆண்டுகளிற் பழுதுற்றன. தலைப்பகுதியார் வேண்டியமட்டும் நீரெடுக்க, கடைப்பகுதி வயல்கள் சிறுபோகத்தில் வறண்டன. 1980ஐ அடுத்த ஆண்டுகளில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கு உழவரை ஒழுங்கமைக்கும் பணியை மேற்கொண்டன. பட்டதாரி இளைஞர் பலர் அமைப்பாளராகச் சென்று வயல் வரம்புகளில் உழவருடன் பழகினர். சங்கம் அமைக்குமாறு அவர்கள் முதலிற் கூறவில்லை. ஒரு வாய்க்காலில் நீரெடுப்போர் கூடி முதலில் ஒரு வேலையைச் செய்யட்டும் என்றனர். ஆண்டுக்கணக்கில் தூர்ந்து கிடந்த வாய்க்கால்கள் துப்புரவாயின. நீர் முறைவைத்துப் பங்கிடப்பட்டது. தலைப்பகுதியார் மிச்சப்படுத்திய நீரைக் கடைப்பகுதிக்கு விட்டனர். தலைப்பகுதியிற் பெரும்பாலோர் சிங்களவர். கடைப்பகுதியிற் பெரும்பாலோர் தமிழர். இவ்வரலாற்றை நோர்மன் அப்ஹொவ் 1992இல் வெளியிட்ட நூல் விரிவாகக் கூறுகின்றது. ஒவ்வொருவனும் தன்னலத்தையே கருதுவான் என்னும் ஹாடினின் முதற்கோளை ஒரு வறண்ட போகத்தில் எளிய உழவர் பொய்ப்பித்தனர்.

ஆயின் இவ்வெற்றியின் எல்லையையும் காணல் வேண்டும். வாய்க்காலில் வரும் நீரைப் பங்கிடும் வன்மை உழவர் குழுவுக்கு வந்தது. அவ்வாய்க்காலின் ஓரத்தில் எவரைக் குடியேற்றுவது என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை. அது பல ஆண்டுகளுக்கு முன்னரே அரசின் மட்டத்தில் தீர்மானிக்கப்பட்டது. குடியேற்றத்தால் அப்பகுதியின் மக்கட் பரம்பல் மாறியதும், 1956இற் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்க்கெதிராக வன்செயல் நிகழ்ந்ததும், 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகியதும் நீரியற் கணக்கில் இடம்பெறா. எனினும் கடைவாய்க்காலில் நிற்பவன் எவன் என்பதை விளக்குவது அவ்வரலாறே. இவ்வாறே காணி அனுமதிப்பத்திரம் எவர் பெயரில் இருந்ததோ அவரே குழுவில் உறுப்பினராக முடிந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு ஒழுங்கு அக்காலத்தில் மகளுக்கு முன் மகனை நிறுத்தியிருந்தது. நாற்று நட்டு அரிவு வெட்டிய பெண்ணுக்கு வயலில் வேலை இருந்தது. வாய்க்காற் கூட்டத்திற் பெயர் இல்லை. உழவரின் நல்லெண்ணம் ஓர் எல்லைவரை நீதியைக் கொணரும். அதற்கப்பால் நீதியைச் சட்டமும் அரசுமே கொணரல் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுத்தல் தவறு.

ஆகவே பொதுவளக் கல்வியைப் பற்றி முடிவாகக் கூறத்தக்கன சில உள. ஹாடினின் கட்டுரை ஒரு துறையைத் தோற்றுவித்த எச்சரிக்கை என்ற அளவிற் கற்கத்தக்கது. வரலாறாகக் கற்பிக்கத் தகாது. ஒஸ்றம் அம்மையாரின் நூல் இத்துறையின் அடித்தளம். ஆயின் அடித்தளமே வீடாகாது. அதனுடைய எட்டு நெறிகளைக் கையேடாகக் கொண்டு, ஒரு குளத்துக்கு எட்டுக்கு ஆறு, மற்றொரு குளத்துக்கு எட்டுக்கு ஏழு என்று புள்ளியிடும் பட்டப்பின் ஆய்வுகள் பெருகின. அந்நெறிகள் புள்ளியிடுதற்கு வகுக்கப்பட்டவை அல்ல என்பதை நூலாசிரியரே நன்கு அறிந்திருந்தார். எந்நோய்க்கும் ஒரே மருந்து என்னும் மனப்போக்கைத் தம் பிற்கால எழுத்துகளில் அவர் கண்டித்துவந்தார். மோஸும் அகர்வாலும் அந்நூலை அழிக்க வந்தவர் அல்லர்; அதில் விடுபட்ட வினாக்களைச் சேர்க்க வந்தவர்.

அவ்விடுபட்ட வினாக்கள் மூன்றாகத் தொகுக்கத்தக்கன. எல்லை வகுத்தபோது புறத்தே நிறுத்தப்பட்டவர் எவர்? விதி சமமாயினும் அதனைப் பயன்படுத்தும் வசதி சமமாக உள்ளதா? விதியை மீறினும் தண்டம் பெறாதவர் எவர்? அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலிற் பஞ்சத்தைப் பற்றிக் கூறிய முடிபும் இதனை ஒத்ததே. நாட்டில் நெல் இருந்தது என்பதனால் ஏழையின் கையில் நெல் இருந்தது என்று பொருளாகாது; நெல்லைப் பெறும் உரித்து அவனுக்கு இருந்ததா என்பதே கேள்வி. அது போலவே குளத்தில் நீர் நிற்கின்றது என்பதனால் கடைவயலுக்கு நீர் பாய்ந்தது என்று பொருளாகாது.

களஆய்வுக்குச் செல்லும் மாணாக்கர் பெரும்பாலும் ஊரின் தலைவாசலிற் புகுந்து, சங்கத் தலைவரையும் செயலாளரையும் கண்டு, கூட்டக் குறிப்பேட்டைப் பார்த்து மீள்கின்றனர். அங்கு கிடைப்பன தலைவாய்க்காலின் செய்திகள். நீர் கடைசியாகச் சென்று சேரும் வயலிலிருந்து ஆய்வைத் தொடங்கி, மடையை நோக்கி மேல்நோக்கி நடந்தால், எந்த வளைவில் நீர் நின்றுபோயிற்று, எவர் வரம்பில் மறிக்கப்பட்டது, எவர் அஞ்சிப் பேசாதிருந்தார் என்பன ஒவ்வொன்றாக வெளிப்படும். குறிப்பேட்டிற் பெயரில்லாதவரையும் தேடிக் கேட்டல் வேண்டும். இதற்குப் புதிய கொள்கை எதுவும் வேண்டா. நேரமும் பொறுமையும் நடக்கும் கால்களும் போதும். வளம் அழியாது நின்றதா என்பது முதல் வினாவாக இருக்கட்டும். அது எவர்க்காக நின்றது என்னும் இரண்டாம் வினாவைக் கேளாத ஆய்வு எத்துணைப் பட்டம் பெற்றுத் தரினும் முற்றுப்பெற்ற ஆய்வாகாது.